ஃபாக்ஸ்பாடி மஸ்டாங்கில் சப்ஃப்ரேம் கனெக்டர்: போல்ட்டா, வெல்டா? எந்த அளவு ட்யூப்?

எல்எக்ஸ்90:

வணக்கம். வண்டி 1990 ஃபோர்டு மஸ்டாங் எல்எக்ஸ் 5.0 ஹேட்ச்பேக். டி-5 கியர்பாக்ஸ், பின்னால் 8.8 அங்குல ஆக்ஸில். இன்ஜின் கம்பெனியில் வந்தபடியே இருக்கிறது. ஸ்பிரிங் மட்டும் மாற்றி ஒன்றேகால் அங்குலம் இறக்கியிருக்கிறது.

முன்சக்கரத்துக்குப் பின்னால் ஜாக்கி வைத்து ஒரு பக்கம் தூக்கினால் டிரைவர் கதவு ஸ்டிரைக்கரில் (கதவுப் பூட்டு மாட்டும் கொக்கியில்) இடிக்கிறது. இறக்கினால் சரியாகிவிடுகிறது. மேடு பள்ளத்தில் ஒரு சக்கரம் மட்டும் ஏறும்போது ஹேட்ச் ரப்பர் கீச்சிடுகிறது. தரைத்தகட்டில் துரு இல்லை. பின் டார்க் பாக்ஸ் (கதவுக்குக் கீழுள்ள ராக்கரையும் அடிச்சட்டத்தையும் இணைக்கும் தகட்டுப் பெட்டி) ஒன்றில் சீம் சீலர் (தகட்டு இணைப்பை அடைக்கும் பூச்சு) மட்டும் கோடாக வெடித்திருக்கிறது.

சப்ஃப்ரேம் கனெக்டர் (முன், பின் அடிச்சட்டங்களை இணைக்கும் இரும்பு ட்யூப்) போட முடிவு செய்துவிட்டேன். போல்ட் போட்டு மாட்டும் கிட் போதுமா, வெல்டிங்தான் வேண்டுமா? 2×2 அங்குல ட்யூப், 2×1 அங்குல ட்யூப் என்று இரண்டு விதமாக விற்கிறார்கள். 2×1 தகடு தடிமன் 0.120 அங்குலம், 2×2 தகடு 0.083தான். தடிமன் அதிகமுள்ளதுதானே பலம்? வீட்டு கராஜில் ஸ்டாண்டில் நிறுத்தி நானே செய்யலாமா? கையில் இருப்பது 110 வோல்ட் கேஸ் இல்லாத ஃப்ளக்ஸ் கோர் (கம்பிக்குள்ளேயே ஃப்ளக்ஸ் பொடி உள்ள) வெல்டிங் மெஷின்.

தகடும்தணலும்:

ட்யூப் கணக்குக்குப் போகும் முன் இந்த வண்டியின் அடியில் சுமை எந்த வழியாகப் போகிறது என்று பார்த்துவிடுங்கள். அது புரிந்தால் உங்கள் கேள்விகளில் பாதிக்கு விடை அங்கேயே இருக்கிறது.

ஃபாக்ஸ் மேடையில், அதாவது உங்கள் மஸ்டாங்கின் அடித்தள வடிவமைப்பில், தனி சேஸி கிடையாது. முன் ரயில் (பாடியோடு ஒட்டிய நெடுக்குச் சட்டம்) இரண்டும் இன்ஜினைத் தாண்டி வந்து முன்சீட் காலடிப் பக்கம் தரைத்தகட்டில் கரைந்துவிடும். பின் ரயில் பின்ஆக்ஸிலுக்குச் சற்று முன்னால்தான் தொடங்கும். நடுவில் இருப்பது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தரைத்தகடு. அதனால் முன் ரயிலில் வரும் சுமை நேராகப் பின்னால் போவதில்லை. முன் டார்க் பாக்ஸ் வழியாக வெளிப்பக்கம் திரும்பி, கதவுக்குக் கீழே ஓடும் ராக்கரில் ஏறி, பின் டார்க் பாக்ஸ் வழியாக உள்ளே திரும்பிப் பின் ரயிலுக்கு வருகிறது. இந்த இரண்டு திருப்பத்திலும் டார்க் பாக்ஸ்தான் முறுக்கு வாங்குகிறது. கனெக்டர் செய்வது, அந்தச் சுற்றுவழிக்குப் பக்கத்தில் நேர்வழி ஒன்று போட்டுக் கொடுப்பது. உங்களுடையது ஹேட்ச்பேக் என்பதால் பின்னால் பெரிய திறப்பு வேறு இருக்கிறது. டிக்கி தனியாக இருக்கும் கூபேயில் பின்சீட்டுக்குப் பின்னால் கிடைக்கும் பிடிப்பு இதில் இல்லை. டி-டாப் கூரை வண்டிகள் இதைவிட மோசம்.

இப்போது உங்கள் 0.120 கேள்வி. தகட்டின் தடிமனைப் பார்க்காதீர்கள், ட்யூபின் உயரத்தைப் பாருங்கள். வளைவுக்கு எதிரான விறைப்பு உயரத்தோடு மூன்றாம் அடுக்கில் ஏறும். 2×2 அங்குலம், 0.083 தகடு: பரப்பின் இரண்டாம் உந்தம் (வளைவு விறைப்பைக் காட்டும் எண்) 0.39 அங்குலம்⁴. 2×1 ட்யூபைப் படுக்கவைத்து, 0.120 தகடு: 0.10 அங்குலம்⁴. கிட்டத்தட்ட நான்கு மடங்கு வித்தியாசம். எடையைப் பாருங்கள்: முதலாவது மீட்டருக்கு சுமார் 3.2 கிலோ, இரண்டாவது 3.35 கிலோ. தடிமனான ட்யூப் எடையும் கூட, விறைப்பும் கால்வாசி. 2×1 விற்பதற்கு ஒரே நியாயம் தரையிலிருந்து கிடைக்கும் உயரம். இறக்கிய வண்டி என்பதால் அதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. அதே 2×1 ட்யூபை 0.083 தகட்டில் நெட்டுக்குத்தாக வைத்தால் 0.24 கிடைக்கும். அகலம் குறைவதால் எக்ஸாஸ்ட்டுக்கும் இடம் விடும்.

ஆனால் இந்த எண்கள் வெறும் ட்யூபுக்கு. தரைத்தகட்டோடு நெடுக இடைவிட்டு வெல்டு வைத்தால் தகடும் ட்யூபும் ஒரே உறுப்பாக வேலை செய்யும், விறைப்பு இன்னும் ஏறும். இரண்டு முனையில் மட்டும் பிடித்து நடுவில் தொங்கும் கனெக்டருக்கு இந்த லாபம் கிடையாது. முழுநீள கிட் சிலவற்றில் சீட் போல்ட் இறங்கும் இடத்துக்குக் குறுக்குக் கால் ஒன்று வரும். வாங்குவதானால் அப்படிப்பட்டதை வாங்குங்கள். வண்டியின் முறுக்கலில் முன்பாதியும் பின்பாதியும் எதிரெதிராகச் சாய்கின்றன. நடுவில் பிடிமானம் இருந்தால்தான் இடது வலது கனெக்டர்கள் இரண்டும் சேர்ந்து அதை எதிர்க்கும்.

போல்ட் கிட் பற்றி: மாட்டிய அன்று நன்றாகத்தான் இருக்கும். ரயில் என்பது மெல்லிய தகட்டை மடித்த பெட்டி. அதில் துளை போட்டு போல்ட்டை முறுக்கினால் பெட்டி உள்வாங்கும், முறுக்கு நிற்காது. உள்ளே நசுங்காத குழாய்த் துண்டு வைக்காமல் முறுக்கிய போல்ட் எதுவும் சில மாதங்களில் தளர்ந்து துளையை முட்டை வடிவமாக்கும். அதன்பின் அது போடும் சத்தத்தைக் கேட்டு சஸ்பென்ஷன் புஷ்ஷை மாற்றிக்கொண்டிருப்பீர்கள். போல்ட்டை இடம் பிடிக்க மட்டும் பயன்படுத்தி, பிறகு வெல்டு வையுங்கள்.

ரசமட்டம்:

மேல சொன்னது எல்லாம் சரி. ஆனா வெல்டு வைக்கிறப்போ வண்டி எப்படி நிக்குதுங்கிறதுதான் முக்கால்வாசி வேலை. அதுல தப்புனா எவ்ளோ நல்ல ட்யூப் போட்டும் பிரயோஜனம் இல்ல.

சார், நீங்க ஜாக்கி வச்சா கதவு இடிக்குதுன்னு சொல்றீங்க இல்லையா, அதே நிலையில வெல்டு அடிச்சா அந்தக் கோணல் நிரந்தரமாயிடும். அப்புறம் கதவு கீல வளைச்சுதான் சரி பண்ணணும். அதனால பாடியில ஸ்டாண்டு வைக்கவே கூடாது. வண்டியோட பாரம் சக்கரத்துல, இல்லன்னா சஸ்பென்ஷன்ல நிக்கணும். ஓட்டி ஏத்துற நாலு தூண் லிஃப்ட் கிடைச்சா அதுதான் உத்தமம். ரெண்டு தூண் லிஃப்ட்ல பாடியத்தான் பிடிக்கும், அது வேண்டாம். வீட்ல செய்யறதுன்னா பின்னாடி ஆக்ஸில் குழாய்க்கு அடியில ரெண்டு ஸ்டாண்டு, ஸ்பிரிங்குக்கு எவ்ளோ வெளியில முடியுமோ அவ்ளோ வெளியில. முன்னாடி லோயர் கண்ட்ரோல் ஆர்ம்ல, பால் ஜாயின்ட் பக்கத்துல. சக்கரம் தொங்கக் கூடாது, ஸ்பிரிங் அமுங்கியிருக்கணும்.

கராஜ் தரை மட்டமா இருக்குன்னு நம்பாதீங்க. தண்ணி ஓட வாசல் பக்கம் வாட்டம் வச்சுத்தான் போட்டிருப்பாங்க. டியூப் லெவல் எடுத்துக்குங்க, கொத்தனார் வச்சிருக்கறதுதான். ரெண்டு பக்க ராக்கர்லயும் முன்னாடி பின்னாடி ஒரே அடையாளத்துல நாலு இடம் குறிச்சு, தண்ணி மட்டத்துல இருந்து எவ்ளோ உயரம்னு எழுதுங்க. பின்பக்கம் கொஞ்சம் தூக்கலா இருந்தா பரவாயில்ல. இடது பக்கம் முன்-பின் வித்தியாசமும் வலது பக்கம் முன்-பின் வித்தியாசமும் ஒண்ணா இருக்கணும். ரெண்டு மி.மீ.க்கு மேல போனா ஸ்டாண்டுக்கு அடியில தகடு வச்சு சரிக்கட்டுங்க. வைக்கறதுக்கு முன்னாடி நாலு டயர்லயும் காத்து பார்த்து, பம்பரை நாலு தடவ அமுக்கி விடுங்க, சஸ்பென்ஷன் உக்காரட்டும்.

கதவு இடுக்க டிரில் பிட் வச்சே அளக்கலாம். மேல, நடுவுல, கீழ மூணு இடத்துல எந்த பிட் இறுக்கமா நுழையுதுன்னு எழுதி கதவுலயே டேப்ல ஒட்டி வச்சிடுங்க. கதவு திறப்போட ரெண்டு குறுக்கு அளவையும் ஒரு தடவ எடுத்துக்குங்க. புள்ளி வெல்டு (இடம் பிடிக்க வைக்கற சின்னப் பொட்டு) வச்சதும் ஒரு தடவ, பாதி வேலையில ஒரு தடவ அதே பிட்ட நுழைச்சுப் பாருங்க.

ரெண்டு பக்கமும் கதவு சாத்தியே இருக்கணும். தெறந்து போட்டுட்டு வேலை பாக்கறவங்க நிறைய பேரு.

மிக்கம்பி:

வெல்டிங் பக்கம் நான் சொல்கிறேன்.

முதலில் வெல்டிங் தொடங்கும் முன் கழற்ற வேண்டியவை. பேட்டரி நெகட்டிவ். வலப்பக்க கிக் பேனலுக்குள் (காலடியின் பக்கச்சுவர்) இருக்கும் இன்ஜின் கம்ப்யூட்டரின் ஒயர் கனெக்டர். இரண்டு முன்சீட், கார்ப்பெட், அதன் அடியில் ஒட்டியிருக்கும் தார் ஷீட். இந்தத் தார் ஷீட்டை விட்டுவிட்டால் கீழே வெல்டு வைக்கும்போது மேலே புகைந்து, காரே உள்ளுக்குள் எரியும். டிரை ஐஸ் போட்டு சுத்தியலால் தட்டினால் பாளம் பாளமாக வந்துவிடும். கதவுப் படியோரம் போகும் ஒயர் கட்டைத் தூக்கி நடு டனல் பக்கம் கட்டுங்கள்.

எரிபொருள் குழாய்தான் பெரிய ஆபத்து. ஃபியூயல் ரயிலில் (இன்ஜெக்டர்களுக்கு எரிபொருள் தரும் குழாய்) இருக்கும் ஷ்ரேடர் வால்வில் (டயர் வால்வு போன்றது) பிரஷரை விட்டுவிட்டு, குழாயை அதன் கிளிப்புகளிலிருந்து கழற்றி வெல்டு இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளிக் கட்டுங்கள். இரும்புக் குழாயாவது பொறி பட்டால் தாங்கும். பிளாஸ்டிக் பகுதி சூடேறினாலே இளகும், மறுநாள் ஸ்டார்ட் செய்யும்போதுதான் ஒழுகும். பிரேக் குழாய், பார்க்கிங் பிரேக் கேபிள் இரண்டையும் ட்யூபை ஏற்றிப் பிடித்து ஒரு முறை பார்த்துவிட்டு வெல்டு வையுங்கள். கேபிள் ட்யூபுக்கும் தரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

சுத்தம் செய்ய பிரேக் கிளீனர் அடிக்காதீர்கள். குளோரின் கலந்த வகை வெல்டு வெளிச்சத்திலும் சூட்டிலும் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாகும். அசிட்டோன் போதும், துடைத்ததும் முழுக்கக் காயவிட்டு, டப்பாவையும் துணியையும் வெளியே வைத்துவிடுங்கள். அண்டர்கோட்டை ஹீட் கன்னும் சுரண்டியும் வைத்து எடுத்து, கடைசியில் கம்பி பிரஷ் வீல். வெல்டு கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரு அங்குலம் பளபளப்பான இரும்பு தெரிய வேண்டும்.

உங்கள் மெஷினைப் பற்றி: 110 வோல்ட் ஃப்ளக்ஸ் கோரில் செய்ய முடியும். ஆனால் தலைக்கு மேல் வெல்டு, அதுவும் மெல்லிய தகட்டில், பொறியும் கசடும் அதிகம். அதே மெஷினில் கேஸ் இணைப்பு இருந்தால் 75/25 ஆர்கான்-கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் ஒன்று எடுத்து 0.6 அல்லது 0.8 மி.மீ. ஈஆர்70எஸ்-6 திடக் கம்பி போடுங்கள். கராஜில் காற்று வீசாமல் இருந்தால் மணிக்கு 20 கன அடி போதும். கம்பி மாற்றும்போது துருவத்தையும் மாற்ற வேண்டும்: கேஸோடு திடக் கம்பிக்கு டார்ச் பாசிட்டிவ், கேஸ் இல்லாத ஃப்ளக்ஸ் கோருக்கு டார்ச் நெகட்டிவ். வெல்டு மேலேயே உட்கார்ந்து தகட்டைப் பிடிக்காமல் இருந்தால் ஆம்பியரைக் கூட்டும் முன் இதைப் பாருங்கள்.

ஆர்க்கை எப்போதும் ட்யூப் பக்கம் பிடித்துக் குட்டையை உருவாக்கி, அதைத் தரைத்தகட்டுப் பக்கம் தொட்டுத் திரும்புங்கள். தகட்டில் ஆர்க்கைத் தொடங்கினால் ஓட்டைதான். ட்யூபுக்கும் தகட்டுக்கும் இடைவெளி ஒரு மி.மீ.க்கு மேல் இருந்தால் வெல்டால் நிரப்ப முயலாதீர்கள். சிறிய ஜாக்கியால் ட்யூபை ஏற்றலாம், ஆனால் மெல்ல. வண்டி ஸ்டாண்டிலிருந்து ஒரு மயிரிழைகூட எழும்பக் கூடாது. எழும்பினால் ரசமட்டம் சொன்ன அளவெல்லாம் வீண். இடைவெளி பெரிதென்றால் 16 கேஜ் தகட்டில் ஒரு பட்டை வெட்டி வைப்பதே நல்லது.

வரிசை: இரண்டு பக்கமும் முனைகளில் புள்ளி வெல்டு. கதவைச் சரிபாருங்கள். பிறகு இடப்பக்கம் பின் ரயிலில் ஒரு அங்குலம், வலப்பக்கம் முன் ரயிலில் ஒரு அங்குலம் என்று குறுக்காக மாறி மாறி. தரைத்தகட்டில் ஒரு அங்குலம் வெல்டு, இரண்டு அங்குலம் விடு. கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகுதான் பக்கத்துத் துண்டு. ஒரே இழுப்பில் நெடுக ஓட்டினால் தகடு அலையலையாகும், ஆறும்போது சுருங்கி ராக்கரையும் இழுக்கும்.

முனை வெல்டைப் பற்றிப் பலரும் சொல்வதில்லை. ரயிலின் குறுக்கே நேர்க்கோடாக வெல்டு வைக்கக் கூடாது. ரயிலில் வரும் இழுப்பு முழுவதும் அந்த ஒரு கோட்டில் குவியும். சில வருடங்களில் வெல்டு நிற்கும், அதன் ஓரத்தில் ரயில் கிழியும். ட்யூப் முனையை மீன்வாய் போல வெட்டி, அல்லது சாய்சதுரத் தகடு ஒன்றை இடையில் வைத்து, பக்கவாட்டுக் கோடுகளில் வெல்டு வையுங்கள்.

உள்ளே ஒருவர் தீயணைப்பானும் ஈரத்துணியுமாக உட்கார்ந்திருக்க வேண்டும். தரையில் இருக்கும் ரப்பர் அடைப்பான்களை முன்பே எடுத்துவிடுங்கள். வேலை முடிந்து அரை மணிநேரம் யாரும் இடத்தை விட்டுப் போகக் கூடாது.

எல்எக்ஸ்90:

மூவருக்கும் நன்றி. அப்படியானால் 2×2, முழுநீளம், சீட் குறுக்குக் கால் உள்ளது. சிலிண்டர் வாடகைக்கு எடுத்துவிடுகிறேன். இன்னும் இரண்டு: டார்க் பாக்ஸில் சீலர் வெடித்திருப்பதை இப்படியே விட்டு கனெக்டர் போடலாமா? போட்ட பிறகு உண்மையிலேயே விறைப்பு கூடியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஓட்டிப் பார்த்து 'நன்றாக இருக்கிறது' என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

தகடும்தணலும்:

டார்க் பாக்ஸை முதலில் பாருங்கள். கனெக்டர் பிறகு. பின் லோயர், அப்பர் கண்ட்ரோல் ஆர்ம்களின் முன்முனை பின் டார்க் பாக்ஸ் பகுதியில்தான் பிடிக்கிறது. 1987 முதல் 1992 வரை இந்த 5.0 இன்ஜினுக்கு 225 குதிரைத்திறன், 300 பவுண்டு-அடி டார்க். முதல் கியரில் அது பல மடங்காகப் பெருகி ஆக்ஸிலுக்கு வந்து, தார்ச்சாலையில் டயர் பிடித்த கணத்தில் இந்தப் பெட்டியைத்தான் இடிக்கிறது. சீலர் வெடித்திருந்தால் அதன் அடியில் ஸ்பாட் வெல்டு (கம்பெனியில் தகடுகளை இணைத்த வெல்டு) விட்டிருக்க வாய்ப்பு அதிகம். சீலரை முழுக்கச் சுரண்டி எடுத்துப் பாருங்கள். இரண்டு தகடுகளுக்கு நடுவில் மெல்லிய பிளேடு நுழைந்தால் பிரிந்துவிட்டது என்று பொருள். ஒருவர் உள்ளே பிரேக்கை மிதித்துக்கொண்டு கிளட்சை மெல்ல விடும்போது அப்பர் ஆர்ம் பிடிக்கும் இடத்தை வெளியிலிருந்து பார்க்கலாம். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ அடியிலோ ஆள் நிற்கக் கூடாது, முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்திருக்க வேண்டும்.

பிரிந்திருந்தால் பழைய ஸ்பாட் வெல்டு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மேல்தகட்டில் மட்டும் 8 மி.மீ. துளை போட்டுப் பிளக் வெல்டு வைத்து, மேலே வலுவூட்டும் தகடு கிட் போடுங்கள். மேல் பாக்ஸுக்கும் கீழ் பாக்ஸுக்கும் தனித்தனியாகக் கிடைக்கிறது. பின்சீட் அடியில் இருந்து செய்ய வேண்டிய வேலையும் இருப்பதால் சீட்டைக் கழற்றியிருக்கும்போதே முடித்துவிடுவது சௌகரியம். இதைச் செய்யாமல் கனெக்டர் போட்டால் நடுப்பகுதி அசையாது, அசைவு முழுவதும் ஏற்கெனவே பிரிந்த இடத்துக்கே போகும். கனெக்டர் போட்டபின் டார்க் பாக்ஸ் கிழிந்தது என்று வரும் புகார்களில் பெரும்பாலும் கதை இதுதான்.

அளப்பது பற்றி. எளிய வழி, ஜாக்கி சோதனை. வேலைக்கு முன் முன்பக்க ஜாக்கி இடத்தில் அதே பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும்வரை தூக்கி, ஜாக்கி எத்தனை மி.மீ. ஏறியது என்று குறியுங்கள். கதவுத் திறப்பின் குறுக்கு அளவு எவ்வளவு மாறியது என்பதையும் குறியுங்கள். வேலைக்குப் பின் அதே ஜாக்கி, அதே இடம், அதே டயர் காற்று. பின்சக்கரம் முன்பைவிடச் சீக்கிரம் எழும்பும். இதில் ஸ்பிரிங்கின் பங்கும் கலந்திருப்பதால் இது ஒப்பீட்டுக்கு மட்டும்.

எண்ணாக வேண்டுமென்றால் சஸ்பென்ஷனைக் கணக்கிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். பின்பக்கம் ராக்கரின் பின்முனையில் இரண்டு ஸ்டாண்டு, முன்பக்கம் கே-மெம்பர் (இன்ஜினுக்கு அடியில் உள்ள குறுக்குச் சட்டம்) நடுவில் ஒரே ஸ்டாண்டு, அது உருளும்படி ஒரு உருண்டைக் கம்பியின் மேல். இரண்டு ஸ்டிரட் டவர் (முன் சஸ்பென்ஷனின் மேல்முனை பிடிக்கும் மேடு) மேலும் குறுக்காக ஒரு இரும்பு உத்தரத்தை போல்ட் செய்து, நடுவிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி 100 கிலோ தொங்கவிட்டால் முறுக்கு 981 நியூட்டன் மீட்டர். டவர்களுக்குக் கீழே இடமும் வலமும் ஒவ்வொரு டயல் கேஜ். பின் ஸ்டாண்டுக்கு நேரே ராக்கரிலும் ஒவ்வொன்று. பின்னால் உள்ள அசைவைக் கழித்துவிட வேண்டும், இல்லையென்றால் ஸ்டாண்டு அமுங்குவதையும் சேர்த்து அளப்பீர்கள். கணக்கு மாதிரிக்கு: கேஜ்களுக்கு நடுவே 1,400 மி.மீ., ஒரு பக்கம் இறங்கியதும் மறுபக்கம் ஏறியதும் சேர்த்து 6 மி.மீ. என்றால் கோணம் 0.245 பாகை, விறைப்பு பாகைக்கு சுமார் 4,000 நியூட்டன் மீட்டர். 25, 50, 75, 100 என்று எடையை ஏற்றி ஏற்றிப் பாருங்கள். நான்கு புள்ளியும் நேர்க்கோட்டில் விழாவிட்டால் எங்கோ ஸ்டாண்டு நழுவுகிறது. இந்தச் சோதனையின்போது வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது. மூன்று கால் மேல்தான் அது நிற்கிறது.

கமாரோ69:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். 1969 கமாரோவுக்கும் இதே முறைதானா? அதில் முன் சப்ஃப்ரேம் போல்ட்டில்தானே நிற்கிறது?

தகடும்தணலும்:

இல்லை, அங்கே கதை வேறு. 1967 முதல் 69 வரையிலான கமாரோவில் முன்பாதி தனிச் சட்டம். ஃபயர்வாலுக்கு (இன்ஜின் அறைக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள சுவர்) அடியில் இரண்டு, தரைக்கு அடியில் இரண்டு, ரேடியேட்டர் சப்போர்ட்டில் இரண்டு என்று ஆறு இடத்தில் ரப்பர் புஷ் வைத்து பாடியோடு பிடித்திருக்கும். பின்பாதி மட்டும் மஸ்டாங் மாதிரி பாடியோடு ஒட்டிய ரயில். ரப்பர் புஷ்ஷை அப்படியே விட்டு கனெக்டரை மட்டும் இறுக்கமாகப் போட்டால், சட்டம் ரப்பர் மேல் அசையப் பார்க்கும், கனெக்டர் விடாது. அந்த இழுபறியில் கனெக்டரின் முன்முனை வெல்டு வெடிக்கும். முதலில் ரப்பரை எடுத்து அலுமினியம் திட புஷ் போடுங்கள். பாலியூரித்தேனும் ஓரளவு சரி.

அதற்கும் முன்னால் சட்டத்தை நேராக்க வேண்டும். சப்ஃப்ரேமிலும் பாடியிலும் இடம் பிடிக்க என்றே துளைகள் இருக்கின்றன. இரண்டு பக்கமும் 5/8 அங்குலக் கம்பி மேலிருந்து கீழே தடையில்லாமல் இறங்கினால் சட்டம் நேராக இருக்கிறது. அப்போதுதான் போல்ட்டைக் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். கோணலாக இருந்தபடி கனெக்டரை வெல்டு செய்துவிட்டால் பிறகு முன்சக்கரத்தை எந்த அலைன்மென்ட் கடையாலும் சரிசெய்ய முடியாது.

கமாரோவில் என் விருப்பம் பின்முனை வெல்டு, முன்முனை போல்ட். முன் சட்டத்தை இன்ஜினோடு இறக்கும் வசதி அந்த வண்டியின் பெரிய வரம். அதை வெல்டு வைத்து அடைக்க வேண்டாம். போல்ட் இடத்தில் சட்டத்துக்குள் குழாய்த் துண்டு வைக்க மறக்காதீர்கள்.

ரசமட்டம்:

எல்எக்ஸ் சார், எக்ஸாஸ்ட் விஷயம் யாரும் சொல்லல. உங்க வண்டியில எச்-பைப் (ரெண்டு எக்ஸாஸ்ட் குழாயையும் இணைக்கற துண்டு), மஃப்ளர் எல்லாம் கம்பெனியோடதுன்னா கழட்டாமலே ட்யூபை ஏத்திப் பிடிச்சுப் பாருங்க. இன்ஜின் ரெண்டு பக்கமும் முறுக்கிக்கிட்டு ஆடும், எக்ஸாஸ்ட்டும் கூடவே ஆடும். ட்யூபுக்கும் பைப்புக்கும் அரை அங்குலம் இடம் விடலன்னா ஐட்லிங்ல டகடகன்னு அடிக்கும். இடம் கம்மியா இருந்தா தொங்கவிட்ட ரப்பரைப் பாருங்க, பாதி நேரம் அது நைஞ்சு போயிருக்கும்.

2×2 போட்டா அடியில எவ்ளோ குறையும்னு நீங்க கேட்கல, ஆனா கேட்டிருக்கணும். இறக்கின வண்டி. ரயிலுக்குப் பக்கத்துல தரையோட ஒட்டி ஓடறதுனால முழு ரெண்டு அங்குலமும் தொங்காது. இருந்தாலும் வாசல் சரிவுல ஏறி இறங்கறப்போ நடுவுல முதல்ல தட்டுறது இதுவாத்தான் இருக்கும். ட்யூப் முன்முனைய நேரா வெட்டி விடாதீங்க, சாய்வா வெட்டி மூடுங்க. வேகத்தடையில மாட்டாம வழுக்கிட்டுப் போகும்.

ஒரு லாபமும் இருக்கு. தரையோட முழுசா வெல்டு வச்ச 2×2-ல ஜாக்கி வைக்கலாம். நடுவுல ஒரு இடத்துல தூக்கினா ஒரு பக்கம் ரெண்டு சக்கரமும் சேர்ந்து எழும்பும். ராக்கர் மடிப்ப நசுக்கிக்கிட்டு இருக்க வேண்டியதில்ல.

எல்எக்ஸ்90:

சீலரைச் சுரண்டிப் பார்த்தேன். இடப்பக்க மேல் பாக்ஸில் இரண்டு ஸ்பாட் வெல்டு பிரிந்திருக்கிறது, பிளேடு நுழைகிறது. தகடு கிட்டும் சேர்த்து வாங்குகிறேன். கடைசியாக ஒன்று: பெயின்ட் வேலை. ட்யூபின் உள்பக்கத்தை வெல்டுக்கு முன்னாலேயே அடித்துவிடலாமா?

மிக்கம்பி:

முன்னால் அடித்தால் வெல்டு சூட்டில் உள்ளே எரிந்து உரியும், அந்த இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும். ட்யூபின் இரண்டு முனையையும் மூடுங்கள். கீழ்ப்பக்கத்தில் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு 6 மி.மீ. துளை, நடுவில் ஒன்று. எல்லாம் ஆறிய பிறகு நீண்ட குழாய் முனையுள்ள கேவிட்டி வேக்ஸ் ஸ்பிரேயை இந்தத் துளைகள் வழியாக உள்ளே விட்டு, கீழே சொட்டும்வரை அடியுங்கள். துளையை அடைக்காதீர்கள், தண்ணீர் வடிய வழி வேண்டும். இடைவிட்டு வைத்த வெல்டுக்கு நடுவில் இருக்கும் இரண்டு அங்குல இடுக்கிலும் தண்ணீர் நிற்கும், ஆகவே வெளியே எப்பாக்சி பிரைமர், அது காய்ந்ததும் நெடுக சீம் சீலர், அதன்மேல் அண்டர்கோட். ஜிங்க் கலந்த வெல்டு-த்ரூ பிரைமரை ட்யூபும் தரையும் ஒட்டும் முகத்தில் மட்டும் மெல்லிசாக அடியுங்கள். வெல்டு ஓடும் கோட்டில் அதையும் துடைத்துவிடுங்கள். ஜிங்க் புகை சுவாசித்தால் அன்று இரவே குளிர்காய்ச்சல் வரும், வெல்டிலும் ஊசித்துளை விழும்.

உள்ளே தரையிலும் பாருங்கள். கீழே வெல்டு வைத்த கோட்டுக்கு நேரே மேலே பெயின்ட் பழுப்பாகியிருக்கும். அங்கே சுரண்டி, எப்பாக்சி பிரைமர் அடித்து, காய்ந்தபின் தார் ஷீட்டும் கார்ப்பெட்டும் போடுங்கள். ரப்பர் அடைப்பான்களை மறக்காமல் திரும்ப வையுங்கள். சீட் போல்ட்டில் கனெக்டரின் குறுக்குக் கால் சேர்ந்திருந்தால் அந்த போல்ட்டுகள் பழைய நீளத்தில் போதாது. நட்டுக்கு வெளியே குறைந்தது இரண்டு மரை தெரிகிற நீளத்தில், கிட்டோடு வரும் கிரேடு 8 போல்ட்டையே போடுங்கள். 500 மைல் ஓடியதும் ஒருமுறை டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள்.